ஒரு கை இடைவெளி

உப்பு லாரிக்குக் கண் கிடையாது. முன்பு இருந்தது. நெற்றியில் இரண்டு, பக்கத்துக்கு மூன்று என்று கேமராக்களைப் பொருத்தித்தான் முதல் தானோட்டி லாரிகளைத் தூத்துக்குடி உப்பளங்களுக்கு அனுப்பினார்கள். பத்தே நாளில் அவற்றின் கண்ணாடிகளில் உப்புப் பூத்துவிட்டது. துடைக்க ஓர் ஆளைப் போட்டார்கள். துடைத்தும் பயனில்லை. வெயிலில் பாத்திகள் அடிக்கிற வெள்ளைப் பளபளப்பில், மலைபோல் குவித்த உப்பையும் வெள்ளைச் சட்டை போட்ட மேஸ்திரியையும் கேமராவால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இந்த லட்சணத்துக்கு டிரைவரே தேவலை என்று பேச்சுக் கிளம்பிய நேரத்தில்தான் மறுமொழி வில்லை வந்து சேர்ந்தது.

வில்லை ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். லாரி இனிமேல் பார்க்காது, கேட்கும். நொடிக்குப் பத்துத் தடவை ‘யார் அங்கே?’ என்று அலை அனுப்பும். கழுத்தில் கிடக்கும் வில்லை ‘நான்’ என்று பதில் அனுப்பும். பதில் வந்த இடத்தில் ஆள் இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. பனியோ புழுதியோ மழையோ இந்தக் கேள்வி பதிலைத் தடுக்காது. நான்கு ஆண்டுகளில் மாநிலத்தின் எல்லா வண்டிகளும் இந்த வழிக்கு வந்துவிட்டன. ஆடுமாடுகளுக்குக் காதில் குத்திவிட்டார்கள். சாலையில் சாகிறவர்களின் எண்ணிக்கை ஆயிரங்களிலிருந்து விரல் விட்டு எண்ணும் அளவுக்கு இறங்கியது. கேமராக்களைக் கழற்றிக் கிடங்கில் போட்டார்கள். பதில் வருகிற உலகத்தில் பார்வை எதற்கு என்று ஓர் அமைச்சர் மேடையில் கேட்டபோது கூட்டம் கைதட்டியது.

விரல் விட்டு எண்ணும் அளவு என்றால் யாரோ சிலர் இன்னும் சாகிறார்கள் என்று பொருள். அந்தச் சிலரில் ஒருத்தி மாரிக்கனி. தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில் இருபது வருடம் உப்பு வாரியவள். பங்குனி மாதத்தில் ஒரு காலை, லாரித் தடத்தில் குனிந்து, சேற்றில் சிக்கிய ரப்பர் பூட்ஸை இழுத்துக்கொண்டிருந்தாள். லாரி வேகத்தைக் குறைக்கவே இல்லை. அவள்மேல் ஏறிப் போய், சுமை ஏற்றிக்கொண்டு, அதே தடத்தில் திரும்பியும் வந்தது. உடன் வேலை செய்த பெண்கள் அலறிக்கொண்டு குறுக்கே ஓடினார்கள். அவர்களுக்கும் அது நிற்கவில்லை; அவர்கள்தான் விலகிக் குதித்துத் தப்பினார்கள். கடைசியில் மேஸ்திரி வந்து நின்றபோது இருபதடி தள்ளி மரியாதையாக நின்றது. மேஸ்திரி பாத்தியில் இறங்கி நனையாதவர்.

விசாரணை அறிக்கை மூன்றே வரி. வில்லை நன்றாக இருக்கிறது. லாரி நன்றாக இருக்கிறது. காரணம் தெரியவில்லை. நாங்குநேரியில் வில்லை செய்யும் தொழிற்சாலைக்கு அந்த அறிக்கை வந்து, கைமாறிக் கைமாறி இசக்கிச்செல்வியின் மேசைக்கு வந்தது.

இசக்கி அங்கே பொருத்துநர். வேலையின் பெயரைக் கேட்டுக் கல்யாணத் தரகு என்று நினைத்து, மகனுக்கு வரன் பார்க்கச் சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. ஏறக்குறைய அதே வேலைதான் என்று அவளும் சிரித்துக்கொள்வாள். வில்லைக்குள் நகக்கண் அளவுக்கு ஓர் ஆன்டெனா இருக்கிறது. கணினியில் அதை வரைகிறவர்கள், வெட்டவெளியில் அது தனியே நிற்பதாக நினைத்து வரைவார்கள். அங்கே அதற்கு நூறு பங்கு ஆற்றல் கொடுத்தால் தொண்ணூற்றெட்டை அலையாக வெளியே அனுப்பும். பிறகு அதை வில்லையின் ஓட்டுக்குள் வைப்பார்கள். அது அனுப்புகிற அலையின் சுருதி கொஞ்சம் இறங்கும். பக்கத்தில் பேட்டரி வைப்பார்கள், இன்னும் இறங்கும். ஒரு திருகாணி, ஒரு சொட்டுப் பசை, மேலே அடிக்கிற வண்ணம், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு இழுக்கும். கடைசியாக மனிதக் கழுத்து. மனித உடம்பில் பாதிக்கு மேல் உப்புத் தண்ணீர். அதன் பக்கத்தில் வந்ததும் ஆன்டெனா முற்றிலும் வேறு அலைக்குப் போய்விடும். கொடுத்த நூறில் முப்பதுகூட வெளியேறாது; மிச்சமெல்லாம் வந்த வழியே திரும்பிவிடும். அங்கேதான் இசக்கிக்கு வேலை. கடுகளவு சுருள்களையும் மின்தேக்கிகளையும் மாற்றி மாற்றி வைத்து, செய்து முடித்த வில்லையில், கழுத்தோடு சேர்த்து, இழந்த சுருதியை மீட்டுக் கொடுப்பாள்.

கழுத்து என்றால் யாருடைய கழுத்து? தொழிற்சாலையில் ஒரு மாதிரிக் கழுத்து இருந்தது. வெளியே ரப்பர் தோல், உள்ளே சர்க்கரையும் உப்பும் கரைத்த நீர். பெயர் துரை. யார் வைத்த பெயர் என்று யாருக்கும் தெரியாது. காலையில் வேலைக்கு வருகிறவர்கள் அவருக்கு வணக்கம் சொல்வார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் பூசி மாலை போடுவார்கள். ஆறு கோடி வில்லைகளும் துரையின் கழுத்துக்குப் பொருந்திய பிறகே வெளியே போயின. துரை குளிரூட்டிய அறையில், வியர்க்காமல், தன்னந்தனியாக நின்றார்.

இசக்கி அளவுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். அங்கே பேச்சித்தாய் என்பவள் அவளிடம் பேச முன்வந்தாள். மாரிக்கனியோடு ஒரே பாத்தியில் வேலை செய்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, முழங்கால்வரை பூட்ஸ், தலையிலும் கழுத்திலும் சுற்றிய ஈரத்துண்டு. வில்லையைக் காட்டச் சொன்னதும் துண்டை விலக்கி எடுத்துக் காட்டினாள். அது ஒரு மிக்சர் பாக்கெட்டுக்குள் இருந்தது. உள்பக்கம் வெள்ளியாக மின்னுகிற பாக்கெட். நான்காக மடித்து, மேலே நூல் சுற்றிக் கச்சிதமாகக் கட்டியிருந்தாள். அங்கே வேலை செய்த அறுபது பெண்களும் அப்படித்தான் கட்டியிருந்தார்கள்.

இசக்கி பாக்கெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். அந்த மின்னுகிற பூச்சு அலுமினியம். அதற்குள் வில்லையை வைப்பதும் இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டுவதும் ஒன்றுதான். உள்ளே எவ்வளவு கத்தினாலும் வெளியே கேட்காது. குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடக்கூடாதே என்று பார்த்துப் பார்த்து அதை எடுத்துச் சொன்னாள்.

பேச்சித்தாய் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். “பாக்கெட்டு இல்லாம போட்டா நாலே நாள்ல துருவேறிப் போவுது மேடம். துருவேறினா கேட்டுல உள்ள விட மாட்டாவ. அன்னைக்கு வேல போச்சு. நாங்க என்ன செய்ய? ஒங்க ஆபீஸ்ல இத உப்புத்தண்ணியில போட்டுப் பாக்கவே இல்லையா?”

“பாக்கல யக்கா” என்றாள் இசக்கி. வேறு எதைச் சொன்னாலும் பொய்யாகியிருக்கும்.

அளந்து பார்த்தாள். பாக்கெட்டோடு நூறில் மூன்று பங்கு வெளியே போனது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டு ஈரத்துண்டுக்கு அடியில் வைத்தால் பதினெட்டு. பாத்தி நீர் ஊறிய துண்டில், உடம்பில் இருப்பதைவிடப் பல மடங்கு உப்பு. துரையின் கழுத்தில் இதே வில்லை தொண்ணூறு காட்டியிருந்தது. ஆக, பாக்கெட்டைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட முடியாது என்று தெரிந்தது.

கிளம்பும்போது பேச்சித்தாய் கேட்வரை கூடவே வந்தாள். அவளுக்கு எட்டு வயதில் ஒரே மகள், பெயர் செல்வராணி. வீட்டில் வேறு ஆளில்லை. பள்ளி விட்டதும் பிள்ளை இந்த லாரித் தடம் வழியாகத்தான் நடந்து அம்மாவிடம் வரும்.

“அவ கழுத்துலயும் இதுதான் கெடக்கு. எனக்கு ஒண்ணும் வேண்டாம் மேடம். எம்புள்ளைக்கு முன்னால வண்டி நிக்கணும். அத மட்டும் செஞ்சு குடுங்க.”

“நிக்கும் யக்கா. நான் பொறுப்பு.”

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. காரில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்குப் பயம் பிடித்தது.

வடிவமைப்புத் தலைவர் பர்னாந்து கெட்டவர் அல்ல, அவசரக்காரர். பாக்கெட் சுற்றாதீர்கள் என்று ஒரு சுவரொட்டி அடித்து அனுப்பிவிடலாம் என்றார். துண்டு அளவைக் காட்டியதும் உப்பளத்துக்கென்று தனி வில்லை செய்யலாம் என்றார். உப்பளம் முடிந்தால் மீன்பிடித் துறைமுகம் வரும், பிறகு சாயப்பட்டறை வரும், செங்கல் சூளை வரும், எத்தனை கழுத்துக்குத் தனித்தனியாகச் செய்வது என்று கேட்டாள் இசக்கி. அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“முடிஞ்ச பொருள்னு நெனச்சு நாம அனுப்புதோமே, அது முடியவே இல்ல சார். அந்தப் பொம்பள கழுத்துல, அந்தத் துண்டுக்கு அடியில போய்க் கெடந்த பெறகுதான் முடியுது. பொருத்துற வேலையும் அங்கதான் நடக்கணும். வில்லை தன்னைத்தானே பொருத்திக்கணும்.”

தன்னிணக்கி வில்லை அப்படித்தான் பிறந்தது. பதினோரு மாதம் ஆயிற்று. அதன் யோசனை எளிது. வில்லை ஒவ்வொரு முறை அலை அனுப்பும்போதும், அனுப்பியதில் எவ்வளவு வந்த வழியே திரும்புகிறது என்று தானே அளந்துகொள்ளும். அதிகம் திரும்பினால் சுருதியை ஒரு மயிரிழை நகர்த்தும். மறுபடி அளக்கும், மறுபடி நகர்த்தும். எங்கே மிகக் குறைவாகத் திரும்புகிறதோ அங்கே நிற்கும். கழுத்து, துண்டு, உப்பு, வியர்வை, தாலிக்கொடி என்று அருகில் இருப்பது எதுவானாலும் அதைத் தன் உடம்பின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். மிக்சர் பாக்கெட்டில் சுற்றினால்கூடப் பாக்கெட்டின் மடிப்பு விளிம்பையே ஆன்டெனாவாக்கி அறுபது பங்கை வெளியே அனுப்பியது. பர்னாந்து எழுந்து நின்று கைகொடுத்தார்.

இன்னொரு வசதியும் தற்செயலாகக் கிடைத்தது. உலகில் இரண்டு உடம்புகள் ஒன்றுபோல இருப்பதில்லை. ஆகவே இரண்டு வில்லைகள் ஒரே சுருதியில் வந்து நிற்காது. ஆட்களைப் பிரித்து எண்ண லாரிக்கு அந்த வேறுபாடே போதும். முன்பு ஒவ்வொரு வில்லைக்கும் ஓர் எண் இருந்தது. யார் எங்கே போகிறார்கள் என்று அரசாங்கம் வேவு பார்ப்பதாக மக்களுக்கு அதில் கோபமும் இருந்தது. இப்போது எண்ணை எடுத்துவிட்டார்கள். உடம்பே அடையாளம். இதை யோசித்தவளும் இசக்கிதான். செய்தித்தாளில் அவள் படம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

சோதனையில் துரை பட்ட பாடு கொஞ்சமல்ல. உப்பு நீரில் குளிப்பாட்டினார்கள், மீன் எண்ணெய் பூசினார்கள், சாயத்தில் முக்கினார்கள், இரும்புச் சங்கிலியும் வெள்ளிச் சங்கிலியும் மாட்டினார்கள், கம்பளி சுற்றினார்கள். ஒவ்வொரு கோலத்திலும் முடிவு நன்றாகவே வந்தது.

புதிய வில்லைகள் முதலில் அந்த உப்பளத்துக்கே போயின. துருவேறாத உறை வேறு. ஒரு மாதம் கழித்துப் பேச்சித்தாய் இசக்கியைத் தொலைபேசியில் அழைத்து, பிள்ளை தடத்தில் கால் வைத்ததுமே வண்டி நின்றுவிடுகிறது என்றும், அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது என்றும், வேண்டுமென்றே இறங்கி ஏறுகிறவளை அடித்து இழுத்துவர வேண்டியிருக்கிறது என்றும் புகார் சொன்னாள். இசக்கி வாழ்நாளில் கேட்ட புகார்களிலேயே இனிமையானது அது. ஆண்டு முடிவதற்குள் மாநிலத்தின் எல்லாக் கழுத்துகளிலும் தன்னிணக்கி ஏறிவிட்டது.

அதற்கு அடுத்த சித்திரையில், பள்ளி விடுமுறை நாளில், பேச்சித்தாய் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு தடத்தின் ஓரமாக நடந்து வந்தாள். வழக்கமாகப் பிள்ளையை வரப்புப் பக்கம்தான் விடுவாள். அன்று வரப்புப் பக்கத்து இடுப்பில் குடிதண்ணீர்க் குடம் இருந்ததால் பிள்ளை மறுபக்கம் வந்தது. அம்மாவின் கையை நீளமாக இழுத்து ஊஞ்சல்போல் ஆட்டிக்கொண்டு, குதித்துக் குதித்து வந்தது. பின்னால் வந்த லாரி, பதில் வந்த இடத்திலிருந்து சட்டப்படி ஒரு மீட்டர் விட்டு, ஒழுங்காகத்தான் ஒதுங்கிப் போனது. செல்வராணி அந்த மீட்டருக்குள் இருந்தாள்.

உயிர் பிழைத்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

லாரியின் பதிவை இசக்கி அன்றே வரவழைத்துப் பார்த்தாள். தடத்தோரத்தில் ஒரே ஒரு ஆள் என்று இருந்தது. இரண்டு வில்லைகளையும் சோதித்தாள். இரண்டும் நன்றாக இருந்தன. மாரிக்கனியின் அறிக்கையில் இருந்த அதே மூன்று வரிகள். இந்த முறை எழுத வேண்டியவள் அவள் என்பதுதான் வேறுபாடு.

கிடங்கில் உதிரியாகக் கிடந்த இன்னொரு மாதிரிக் கழுத்தைக் கொண்டுவரச் சொல்லித் துரையின் பக்கத்தில் நிறுத்தினாள். திரையில் இரண்டு கோடுகள், தனித்தனிச் சுருதியில். இரண்டு கழுத்துகளையும் உப்பு நீரில் நனைத்த ஒரு துணியால் இணைத்தாள். கோடுகள் ஒன்றையொன்று நோக்கி நகர்ந்தன. துரையின் வில்லை பக்கத்துக் கழுத்தையும் தன் உடம்பு என்று எடுத்துக்கொண்டது; பக்கத்து வில்லை துரையைத் தன் உடம்பு என்று எடுத்துக்கொண்டது. உடம்பு ஒன்றாகிவிட்டதால் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றன. ஒரே சுருதியில், ஒரே கணத்தில், இரண்டும் ‘நான்’ என்றன. கேட்கிறவருக்கு அது ஒரு குரல். ஈரத்துணியை எடுத்துவிட்டு இரண்டு கழுத்துகளையும் உலர்ந்தபடியே ஒட்டி வைத்தாள்; சற்று மெதுவாக நடந்தது, ஆனால் நடந்தது.

எண்ணெய், உப்பு, சாயம் என்று எல்லாவற்றையும் நினைத்துப் பார்த்தவள், ஒரு மனிதனின் பக்கத்தில் இன்னொரு மனிதன் இருப்பான் என்பதை நினைக்கவில்லை. சோதனை அறையில் எப்போதும் துரை ஒருவர்தான். இத்தனை வருடமாக அந்த அறைக்கு வந்து வணக்கம் சொன்ன ஒருவருக்கும் அவருக்கு ஒரு துணை வேண்டும் என்று தோன்றவில்லை. இசக்கி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். செல்வராணி மருந்து மயக்கத்தில் தூங்கினாள். பேச்சித்தாய் கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தே இசக்கி போயிருந்தாள். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

“கையப் புடிச்சிருந்தேன் மேடம்” என்றாள் பேச்சித்தாய். “விடவே இல்ல.”

“தெரியும் யக்கா.”

“ஏன் நிக்கல?”

இசக்கி தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். பேச்சித்தாய்க்குச் சுருதியும் ஆன்டெனாவும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில்.

“அப்ப நான் கைய விட்டிருந்தா வண்டி நின்னிருக்கும்?”

இந்த ஒரு கேள்விக்குப் பொய் சொல்லலாமா என்று இசக்கி யோசித்தாள். தடத்தில் இன்னும் ஆயிரம் பேர் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

“நின்னிருக்கும்” என்றாள்.

பேச்சித்தாய் மகளின் தலையை வருடிக்கொண்டிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சாலை ஆணையத்தின் கூட்டத்தில் இசக்கி எல்லாத் தன்னிணக்கிகளையும் திரும்பப் பெற வேண்டும், வண்டிகளுக்குக் கண்ணைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று வாதாடினாள். யாரும் மறுக்கவில்லை. ஆறு கோடி வில்லைகளையும் மாற்ற மூன்று வருடம் ஆகும் என்றார்கள். கேமரா செய்த கம்பெனிகள் எல்லாம் மூடிவிட்டன என்றார்கள். அதுவரை வண்டிகளை நிறுத்தி வைக்கலாமே என்றாள். அரிசியும் மருந்தும் எதில் வரும் என்று கேட்டார்கள். பர்னாந்து அவளைத் தனியே அழைத்துப் போய், மூன்று வருடம் கழித்து வருகிற தீர்வைப் பிறகு பார்க்கலாம், நாளைக் காலை ரோட்டைக் கடக்கிற பிள்ளைகளுக்கு என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டார்.

அதற்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதை அவள்தான் எழுதவும் வேண்டியிருந்தது, ஏனென்றால் அளவு தெரிந்தவள் அவள். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் உடம்புகள் சேராது. மக்களுக்குப் புரியும்படி எழுதச் சொன்னார்கள். ‘சாலையில் ஒருவரையொருவர் தொடாதீர்கள். ஒரு கை இடைவெளி விடுங்கள்.’ இப்போதைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மக்கள் இவ்வளவு சொன்னபடி கேட்பார்கள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. செல்வராணியின் படம் எல்லா வீட்டுக்கும் போயிருந்தது. பயம் போதுமான அளவுக்கு இருந்தது. பள்ளிகளில் காலை வணக்கம் முடிந்ததும் பிள்ளைகள் கையை நீட்டி இடைவெளி அளந்துவிட்டு நடக்கப் பழகினார்கள். பார்வையில்லாதவர்களுக்கு ஒரு மீட்டர் மூங்கில் கொடுத்தார்கள். ஒரு முனை அவர் கையில், மறுமுனை கூட்டிப்போகிறவர் கையில். மாப்பிள்ளை பெண் ஊர்வலத்தில் இருவரும் உலர்ந்த துண்டின் இரண்டு நுனிகளைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். போகப் போக அதுவே சடங்காகி, அந்தத் துண்டைத் தனியாகச் சரிகை போட்டு நெய்து விற்றார்கள். தள்ளாத கணவனை மனைவி ஒரு மீட்டர் தூரத்திலிருந்து, பள்ளம், மேடு என்று வாயால் நடத்திக்கொண்டு போனாள். கைக்குழந்தையை இறுக அணைத்துத் தூக்கிப் போக மட்டும் அனுமதி உண்டு. இறக்கிவிட்ட நாளிலிருந்து அது தனி ஆள்.

விபத்துகள் நின்றன. முழுசாகவே நின்றன, வில்லை வந்த நாளிலிருந்து அப்படி ஓர் ஆண்டு இருந்ததில்லை. மாற்று வில்லைக்கு இசக்கி போட்டிருந்த திட்டம் எட்டு மாதம் கழித்து ஆணையத்திலிருந்து திரும்பி வந்தது. விபத்து ஏதும் இல்லாத நிலையில் மாற்றத்துக்குத் தேவை எழவில்லை என்று எழுதியிருந்தார்கள். கூடவே புதிய சோதனை விதி ஒன்றும் வந்தது. இனிமேல் வில்லைகளை ஒரு கழுத்தில் அல்ல, இரண்டு கழுத்துகளில் சோதிக்க வேண்டும். அவற்றுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

துரைக்குத் துணை வந்துவிட்டது. தரையில் மஞ்சள் கோடு போட்டு, ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தினார்கள். முடிவு தொண்ணூற்றெட்டு வந்தது. வரைபடத்தில் வெட்டவெளியில் தனியே நின்ற ஆன்டெனாவுக்கு வந்த அதே எண். இத்தனை வருடத்தில் வரைந்ததும் செய்து முடித்ததும் இவ்வளவு துல்லியமாகப் பொருந்தி இசக்கி பார்த்ததில்லை. கடுகளவு சுருள் ஒன்றைக்கூட அவள் மாற்றவில்லை. மாற்றிக்கொண்டவர்கள் ஆறு கோடிப் பேர் வெளியே நடந்துகொண்டிருந்தார்கள். இரண்டாவது கழுத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் துரையோடு ஒட்டி வைத்தாள். சோதனைக்கூட உதவியாளர் வந்து பார்த்துவிட்டு, விதியில் அப்படி இல்லையே மேடம் என்று சொல்லி, அதை எடுத்துப் பழையபடி கோட்டின்மேல் வைத்தார்.

அந்த வாரமே அவள் உப்பளத்துக்குக் கிளம்பினாள். போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை, போகாமல் இருக்கவும் முடியவில்லை.

தடத்தில் தொலைவிலேயே அவர்களைப் பார்த்துவிட்டாள். செல்வராணி செயற்கைக் காலோடு தத்தித் தத்தி வந்தாள். போன மாதம்தான் மாட்டியிருந்தார்கள். ஒரு தோள் கிடைத்தால் நன்றாக நடப்பாள். பேச்சித்தாய் ஒரு கை தள்ளி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வந்தாள். எப்போதும் இப்படித்தான் நடக்கிறேன் என்று பிறகு சொன்னாள். முன்னால் தொங்கவிட்டால் கை தானாகப் பிள்ளையிடம் போய்விடுகிறதாம்.

அவர்களுக்குப் பின்னால் லாரி வந்தது. அம்மா ஓரமாகப் போகச் சொன்னாள். செல்வராணி அவசரமாகத் திரும்பியதில் உப்புச் சேற்றில் செயற்கைக் கால் வழுக்கி, தடத்தின் நடுவில் குப்புற விழுந்தாள்.

இசக்கி ஓடினாள். ஒரு மீட்டர் இருக்கும்போது, தடத்தின் ஓரத்திலேயே, அவள் கால்கள் தாமாக நின்றன. பேச்சித்தாயும் ஓரத்தில் குனிந்த நிலையில் நின்றிருந்தாள். அவள் கைகள் பாதிவரை முன்னால் வந்துவிட்டன. அவற்றை மறுபடி பின்னால் இழுத்து, ஒன்றால் மற்றொன்றைப் பிடித்துக்கொண்டாள்.

“எந்திரிளா” என்றாள். “அம்மா இங்கனதான் நிக்கேன். தொட மாட்டேன், பயப்படாத. நீயே எந்திரி.”

பிள்ளை நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தது. பிறகு உள்ளங்கைகளைச் சேற்றில் ஊன்றியது. முதல் தடவை சறுக்கியது. இரண்டாம் தடவை முழங்கால்வரை எழும்பி மறுபடி விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. இப்போது யாராவது தூக்கினால் மூன்று பதில்கள் இரண்டாகும். பிள்ளையின் பதில் ஓரத்தில் நிற்கிறவரின் பதிலோடு கலந்துவிடும்; நடுவில் இருந்தவர் விலகிவிட்டார் என்று லாரி எண்ணிக்கொண்டு புறப்படும். இதை உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் இசக்கி. அவளும் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

எம்புள்ளைக்கு முன்னால வண்டி நிக்கணும் என்று பேச்சித்தாய் கேட்டிருந்தாள். நிற்கும் என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். இருபதடி தள்ளி லாரி நின்றிருந்தது. மூன்று பதில்களும் தனித்தனியாக, தெளிவாக அதற்குக் கிடைத்துக்கொண்டிருந்தன. செல்வராணி எழுந்து தடத்தைவிட்டு விலகும்வரை அது அவசரப்படாமல் காத்திருந்தது.